மான் மேயும் காட்டில் மரக்கன்றுகள் ஏன் மரமாவதில்லை?

மான்களைப் பற்றிய பேச்சு வந்தாலே இரண்டு கருத்துகள் மோதிக்கொள்ளும். மான் பெருகினால் காடு செழிப்பாக இருக்கிறது என்பார்கள் சிலர். மான்தான் காட்டை அழிக்கிறது, அதை அப்புறப்படுத்தினால் மரம் தானாக வந்துவிடும் என்பார்கள் வேறு சிலர். இரண்டுமே நடப்பதைச் சரியாகச் சொல்லவில்லை. வளர்ந்து நிற்கும் மரத்தை மான் பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. அந்த மரத்துக்குப் பின் வரவேண்டிய தலைமுறையைத்தான் அது தின்கிறது. அதனால் பாதிப்பு வெளியே தெரியவே பல ஆண்டுகள் ஆகும். சீராக அதைவிட நீண்ட காலம் பிடிக்கும். சீராகும் பாதையும் கெட்ட பாதையின் வழியாகவே திரும்பி வருவதில்லை.

## முதியவர்கள் மட்டும் வாழும் ஊர்

ஓர் ஊரில் ஐந்நூறு பேர் இருக்கிறார்கள், அத்தனை பேரும் அறுபதைக் கடந்தவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலையை மட்டும் எண்ணினால் ஊரில் ஒரு குறையும் இல்லை. வயதுவாரியாகப் பிரித்து எண்ணினால்தான் பள்ளிக்கூடம் காலியாகக் கிடப்பது தெரியும். மான் அளவுக்கு மீறிப் பெருகிய காடும் இந்த நிலையில்தான் இருக்கிறது. மேலே கிளை பரப்பிய பெரிய மரங்கள் இருக்கும். தரையில் விரல் நீள நாற்றுகளும் இருக்கும். இரண்டுக்கும் நடுவே முழங்கால் உயரம் முதல் ஆள் உயரம் வரை இருக்க வேண்டிய கன்றுகளைத்தான் காணோம்.

தரையிலிருந்து சுமார் இரண்டு மீட்டர் வரையுள்ள செடி, புதர், இளங்கன்றுகளின் பரப்பைக் கீழடுக்கு என்கிறோம். மான் வாழ்வதும் தின்பதும் இங்கேதான். மான் மிகுந்த காடுகளில், அதன் வாய் எட்டும் உயரம் வரை தழையே இல்லாமல், அதற்கு மேலே அளவு பார்த்துக் கத்தரித்தது போல இலை தொடங்கும். இதற்கு மேய்ச்சல் கோடு என்று பெயர். சிறிய மான் இனங்களில் இந்தக் கோடு 1.2 மீட்டர் அளவிலும், பெரிய இனங்களில் இரண்டு மீட்டரை ஒட்டியும் இருக்கும். காட்டுக்குள் நின்று பார்க்கும்போது நெடுந்தொலைவு வரை பார்வை தடையின்றிப் போனால், அதைப் பார்த்து மகிழ்வதற்கு முன் கீழடுக்கு எங்கே போனது என்று கேட்க வேண்டும்.

## ஒரு கடி என்ன செய்கிறது

புல்லைத் தின்பது வேறு, தழையைத் தின்பது வேறு. புல்லின் வளரும் முனை தரையை ஒட்டி அடியில் இருக்கிறது. மேலே கடித்தாலும் அடியிலிருந்து மீண்டும் நீளும். மரக்கன்றுக்கு வளரும் முனை உச்சியில் இருக்கிறது. அதுவே உச்சிமொட்டு. செடியிலேயே இளசான, சத்து நிறைந்த பகுதியும் அதுதான். மரம், புதர், செடிகளின் கொழுந்தையும் இலையையும் மொட்டையும் தின்பதைத் தழைமேய்ச்சல் என்று குறிப்போம். மான் புல்லும் தின்னும். புள்ளிமான் போன்றவை பசும்புல் கிடைக்கும்வரை பெரும்பாலும் அதைத்தான் மேயும். புல் காய்ந்த பிறகு தழைக்குத் திரும்பும். ஆகவே கன்றுகளின் தலைவிதி பெரும்பாலும் ஆண்டின் பஞ்சமான மாதங்களில்தான் முடிவாகிறது.

விதையிலைக்குக் கீழே கடிபட்ட நாற்று அநேகமாகச் செத்துப்போகும். அதற்கு மேலே கடிபட்டால் பக்கமொட்டுகள் விழித்துக்கொண்டு இரண்டு மூன்று கிளைகளாகத் துளிர்க்கும். உயிர் தப்பிவிட்டது, ஆனால் அந்த ஆண்டின் உயரம் போயிற்று. புதிதாகத் துளிர்க்க வேரில் சேர்த்துவைத்த மாவுச்சத்தும் செலவாயிற்று. அடுத்த ஆண்டும் கடி, அதற்கடுத்த ஆண்டும் கடி என்றால் சேமிப்பு தீர்ந்துவிடும். பத்து வயதாகியும் முழங்கால் உயரத்தைத் தாண்டாத, குட்டையான புதர் போன்ற கன்றுகள் இப்படித்தான் உருவாகின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு நாற்று நிறைய இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போகிறவர்கள் உண்டு.

இதில் வெளிச்சத்தின் பங்கை மறக்கவே கூடாது. கன்று 20 செ.மீ. உயரத்திலிருந்து மானின் வாய்க்கு எட்டாத 180 செ.மீ. வரை போக வேண்டும். மரம் விழுந்து வெயில் இறங்கும் இடத்தில் ஆண்டுக்கு 50 செ.மீ. வளர்ந்தால் மூன்று நான்கு ஆண்டுகளில் தப்பிவிடும். அடர்ந்த நிழலில் ஆண்டுக்கு 10 செ.மீ. வளர்ந்தால் 16 ஆண்டுகள் வேண்டும். ஓர் ஆண்டில் கடிபடும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்று எளிமையாகக் கணக்கிட்டுப் பாருங்கள். நான்கு ஆண்டுகள் ஒருமுறைகூடக் கடிபடாமல் தப்புவது 16 கன்றுகளில் ஒன்று. பதினாறு ஆண்டுகள் தப்புவது 65,536 கன்றுகளில் ஒன்று. கடிபடும் வாய்ப்பு பத்தில் ஒன்றாகக் குறைந்தால் முதல் வகையில் மூன்றில் இரண்டு பங்கும், இரண்டாம் வகையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகவும் தப்பும். மானின் எண்ணிக்கையை மட்டும் பேசுபவர்கள் பாதிக் கணக்கைத்தான் பேசுகிறார்கள்.

சுருக்கமாக: மான் கடிப்பது உச்சிமொட்டை. ஒரு கடியில் சாகாத கன்று தொடர் கடியில் தேய்ந்துபோகும். எவ்வளவு விரைவாக வாய் எட்டும் உயரத்தைத் தாண்டுகிறது என்பதுதான் அது மரமாகுமா ஆகாதா என்பதை முடிவு செய்கிறது.

## எல்லாச் செடியையும் ஒரேபோல் தின்பதில்லை

காட்டின் முகத்தையே மாற்றுவது மானின் இந்தத் தேர்வுதான். மென்மையான, புரதம் மிகுந்த, கசப்பும் நாரும் குறைந்த செடிகளை அது முதலில் தேடும். முள், பிசின், கசப்பு, கடினமான இலை உள்ளவற்றைக் கடைசிக்கு விட்டுவைக்கும். அதனால் மொத்தப் பசுமை குறையாமலே இனங்களின் பட்டியல் மாறிக்கொண்டு போகும். விரும்பித் தின்னப்படுபவை ஒவ்வொன்றாக விலகும். அந்த இடத்தை மான் சீண்டாதவை பிடித்துக்கொள்ளும்.

இதற்கு மிகத் தெளிவான சான்று கனடாவின் மேற்குக் கரையிலுள்ள ஹைடா குவாய் தீவுகள். அங்கே முதலில் கருவால் மான் கிடையாது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கிச் சிலமுறை கொண்டுவந்து விட்டார்கள். ஓநாயோ மலைச்சிங்கமோ இல்லாத இடம். சில தீவுகளுக்கு மான் நீந்திப் போனது, சிலவற்றுக்குப் போகவே இல்லை. இயற்கையே நடத்திய சோதனையாக அது அமைந்துவிட்டது. மான் இல்லாத தீவுகளில் கீழடுக்கின் பரப்பில் 80 விழுக்காட்டுக்கு மேல் செடிகள் மூடியிருந்தன. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் மான் இருந்த தீவுகளில் அது 10 விழுக்காட்டுக்கும் கீழே இருந்தது. கீழடுக்கில் கூடு கட்டும் பாடும்பறவைகளின் எண்ணிக்கையும் பாதிக்கு மேல் சரிந்திருந்தது. செந்தேவதாரு என்று சொல்லத்தக்க மேற்குத் துயா மரத்தின் இளங்கன்றுகள் ஏறக்குறைய இல்லாமல் போயின. கூரிய ஊசியிலை கொண்ட சிட்கா ஸ்புரூஸ் கடிபட்டாலும் தப்பி மேலேறியது.

அந்தமான் தீவுகளிலும் ஏறக்குறைய இதே கதை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில் ஆங்கிலேயர்கள் புள்ளிமானைக் கொண்டுவந்து விட்டார்கள். புலியோ சிறுத்தையோ செந்நாயோ அங்கே இல்லை. மழைக்காட்டின் இளங்கன்றுகள் அதன் விலையைக் கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

மண்ணும் தப்புவதில்லை. கீழடுக்கு போன இடத்தில் மழைத்துளி நேராகத் தரையில் அறையும், சருகு அடித்துச் செல்லப்படும், மேல்மண் கரையும். ஜப்பானின் தன்சாவா மலைச்சரிவுகளில் சிக்கா மான்கள் பெருகியபின் நடந்தது இதுதான்.

## எத்தனை மான் என்றால் அதிகம்?

ஒரே எண்ணைச் சொல்ல முடிந்தால் வேலை எளிதாக இருக்கும். மான் நாளொன்றுக்குத் தன் உடல் எடையில் 2 முதல் 3 விழுக்காடு வரை உலர்ந்த தீனி உண்ணும். 60 கிலோ மான் 1.2 முதல் 1.8 கிலோ. ஈரம் மிகுந்த பச்சைத் தழையாக அதைக் கணக்கிட்டால் 4 முதல் 6 கிலோ. ஒரு நாற்றின் கொழுந்து சில கிராம்கூடத் தேறாது. தழை மலிந்த காட்டில் இந்தத் தீனி ஆயிரக்கணக்கான செடிகளில் பரவிப்போகும். தழை குன்றிய காட்டிலோ மிச்சமிருக்கும் சில கன்றுகளின் தலையில் மொத்தமும் விழும். அதே எண்ணிக்கை மான், இரண்டு வெவ்வேறு விளைவு. எண்ணிக்கையைத் தீனியின் அளவோடு சேர்த்துப் பார்ப்பதைத்தான் மேய்ச்சல் அழுத்தம் என்கிறார்கள். காட்டை ஒட்டி வயல்கள் இருந்தால் இந்தக் கணக்கு இன்னும் மோசமாகும். வயல் தீனியால் மான் கூட்டம் குறையாமல் நிற்கும், காட்டுக் கன்றுகளோ பக்கத்தில் இருப்பதாலேயே அடிபடும்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், அலெகனி காடுகளில் 1980களில் பத்தாண்டு நடந்த வேலிச் சோதனை இதில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. சதுர கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 4, 8, 15, 25 என நான்கு அடர்த்திகளில் வெண்வால் மான்களை அடைத்துவைத்துப் பார்த்தார்கள். அடர்த்தி ஏற ஏறக் கன்றுகளின் இன எண்ணிக்கையும் உயரமும் குறைந்தன. உச்ச அடர்த்தியில் மான் விரும்பாத கருஞ்செர்ரி மரமும், காய்ந்த புல்லின் வாசம் வீசும் ஒருவகைப் பெரணியும் மேலோங்கின. எட்டு என்ற அளவிலேயே சில இனங்கள் பின்வாங்கத் தொடங்கியிருந்தன. அந்தக் காட்டுக்கு அது பொருந்தும். வேறு மண்ணிலும் வேறு மான் இனத்துக்கும் அதே எண்ணைத் தூக்கிப் போடுவது தவறு.

மான் பெருகும் வேகத்தையும் குறைத்து எடைபோடக் கூடாது. மிச்சிகனில் ஜார்ஜ் ரிசர்வ் என்ற வேலியிட்ட 464 ஹெக்டேர் நிலத்தில் 1928இல் 6 மான்களை விட்டார்கள். ஆறே ஆண்டுகளுக்குள் அவை 160 ஆகிவிட்டன.

இதையெல்லாம் படித்துவிட்டு மானே இல்லாத காடுதான் நல்ல காடு என்று நினைத்துவிட வேண்டாம். மிதமான தழைமேய்ச்சல், ஒரே இனம் எல்லா இடத்தையும் பிடித்துக்கொள்ளாமல் தடுக்கிறது. புள்ளிமான் நெல்லிக்கனியைத் தின்றுவிட்டு அசைபோடும்போது கொட்டையைத் துப்புகிறது. நெல்லி பரவுவதே பெரும்பாலும் இப்படித்தான். மான் இருந்த காடுகளின் செடிகள் மானோடு சேர்ந்தே உருவானவை.

சுருக்கமாக: கெடுதல் மானின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. தழையின் அளவு, வெளிச்சம், சுற்றுப்புற நிலம், இரைகொல்லிகள் எல்லாம் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன.

## மான் குறைந்த பிறகும் காடு ஏன் திரும்புவதில்லை

மிகப் பெரிய தவறான எண்ணம் இங்கேதான் இருக்கிறது. பாரத்தை இறக்கினால் நிமிர்ந்துவிடும் என்று காட்டைப் பற்றி எண்ணிக்கொள்கிறார்கள். மான் போன பிறகும் அது விட்டுச்சென்ற நிலை காட்டைக் கட்டிப்போட்டிருக்கும். இதை எச்ச விளைவு என்போம். முக்கியமாக நான்கு தடைகள்.

பெரணியோ கோரைப்புல்லோ ஆக்கிரமித்த தரை முதல் தடை. மான் தின்னாத பெரணி பாய் விரித்தபின், விதை முளைத்தாலும் அதற்கு வெளிச்சம் கிடைக்காது. அலெகனி காடுகளில் வேலி போட்டும் பல ஆண்டுகள் கன்று வராத இடங்கள் உண்டு. பெரணியை அகற்றிய பிறகே நாற்று எழுந்தது.

விதை இல்லாமை இரண்டாவது தடை. முளைக்காமல் மண்ணில் உயிரோடு காத்திருக்கும் விதைகளின் தொகுப்பு விதை வங்கி. பல மர இனங்களின் விதை ஓராண்டுக்கு மேல் மண்ணில் தாங்காது. தாய்மரம் பக்கத்தில் இல்லையென்றால் அந்த இனத்துக்கு வங்கியில் இருப்பே இல்லை. எறும்பு சுமந்து பரப்பும் சிறு பூச்செடிகளின் நிலை இன்னும் கடினம். ஆண்டுக்கு ஓரிரு மீட்டர் நகர்ந்தால் அதிகம். பக்கத்துத் திட்டிலிருந்து வந்து சேர அவற்றுக்குப் பல பத்தாண்டுகள் ஆகும்.

மூன்றாவது தடை, மேலே சொன்ன மேய்ச்சல் அழுத்தம். கன்றுகள் சிலவே இருக்கும் காட்டில் மானைப் பாதியாகக் குறைத்தாலும், மிஞ்சிய மான்கள் அந்தச் சில கன்றுகளையும் தின்றுவிடும். சிதைவு தொடங்கியபோது இருந்த எண்ணிக்கைக்குக் கொண்டுவந்தால் போதாது. அதற்கும் கீழே, சில ஆண்டுகள் தொடர்ந்து குறைத்து வைத்திருக்க வேண்டும்.

நான்காவது, நிலமே மாறிவிட்டிருப்பது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோனில் 1926இல் ஓநாய் இல்லாமல் போனது, எல்க் மான்கள் பெருகி ஆற்றோர வில்லோ செடிகளைத் தின்றன. 1995, 96 ஆண்டுகளில் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டதும் ஆறும் காடும் அப்படியே திரும்பிவிட்டன என்று உலகெங்கும் சொல்லப்படுகிறது. நடந்தது அவ்வளவு எளிதல்ல. எல்க் குறைந்ததில் கரடி, மலைச்சிங்கம், வேட்டை, வறட்சி எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. வில்லோ அழிந்தபோது அதை நம்பியிருந்த, ஓடையில் அணை கட்டி வாழும் பீவர் என்ற விலங்குகளும் போய்விட்டன. அவற்றின் அணைகள் இல்லாமல் ஓடை ஆழமாக அரித்தது, நிலத்தடி நீர் இறங்கியது. பத்தாண்டுச் சோதனையில், வேலி மட்டும் போட்ட இடங்களில் வில்லோ போதிய உயரம் எட்டவில்லை. வேலியோடு செயற்கை அணை கட்டி நீர்மட்டத்தை உயர்த்திய இடங்களில்தான் நன்றாக வளர்ந்தது.

இதற்கு நேர்மாறான நிகழ்வு ஸ்காட்லாந்தின் கிரேக் மெகி. 1980களின் நடுவில் அது இயற்கைக் காப்பகமானபின், வேலி போடாமலே செம்மான்களின் எண்ணிக்கையைக் கடுமையாகக் குறைத்தார்கள். பிர்ச் மரங்கள் சரிவெங்கும் ஏறின. விதை தரும் பழைய மரங்கள் அங்கங்கே எஞ்சியிருந்தன, பிர்ச் விதை காற்றில் பறக்கும், திறந்த சரிவில் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. தடைகள் இல்லாத இடத்தில் மானைக் குறைப்பதே போதுமாக இருந்தது. எந்தக் காட்டிலும் வேலைக்கு இறங்குமுன் இந்த நான்கு தடைகளில் எவை உள்ளன என்று பார்ப்பது வேலியின் விலையைக் கேட்பதைவிட அவசியம்.

## நேரில் எப்படிக் கண்டறிவது

கடிபட்ட கிளையின் நுனியைப் பாருங்கள். மானுக்கு மேல்தாடையில் முன்பல் இல்லை. கீழ்ப்பல்லால் மேல் ஈறோடு அழுத்திப் பிடித்து இழுத்துக் கிழிக்கும். அதனால் நுனி நார்நாராகப் பிய்ந்திருக்கும். முயல் கடித்தது சாய்வாக, வழவழவென்று இருக்கும். ஆடு, மாட்டுக்கும் மேல் முன்பல் கிடையாது. ஆட்டுப் புழுக்கையும் மான் புழுக்கையும் எளிதில் குழப்பும். கால்நடை வந்துபோகும் காட்டில் தானியங்கிக் கேமரா வைக்காமல் பழியை மான்மேல் போடுவது நியாயமாகாது.

அளவெடுக்க ஒரு நல்ல முறை: காட்டில் 20 முதல் 30 இடங்களைச் சீராகப் பரப்பித் தேர்ந்தெடுங்கள். பாதையோரத்தைத் தவிர்க்கவும். ஒவ்வொன்றிலும் 2 மீட்டர் ஆரத்தில் வட்டமிட்டு, உள்ளே உள்ள கன்றுகளை இனவாரியாக நான்கு உயரப் பிரிவுகளில் எண்ணுங்கள்: 30 செ.மீ.க்குக் கீழ், 30 செ.மீ. முதல் 1 மீட்டர், 1 முதல் 2 மீட்டர், அதற்கு மேல். ஒவ்வொரு கன்றிலும் உச்சிக்கொழுந்து கடிபட்டிருக்கிறதா என்று குறியுங்கள். தீனி குறைந்த பருவம் முடிந்து புதுத்துளிர் வருமுன் எண்ணினால் ஆண்டு முழுவதன் கடியும் பதிவாகும். முதல் பிரிவில் கூட்டமும் அடுத்த இரண்டில் வெறுமையும் இருந்தால் ஏதோ தடுக்கிறது. அது மானா, நிழலா என்பது இன்னும் தெரியாது.

அதைப் பிரித்துச் சொல்ல வேலித்திட்டு வேண்டும். மண்ணும் வெளிச்சமும் ஒத்த இரு திட்டுகளைத் தேர்ந்து, ஒன்றுக்கு வேலி போட்டு மற்றதைத் திறந்து விடுவது. பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் கூடப் போதும், ஆனால் ஒரு ஜோடியை வைத்து முடிவெடுக்கக் கூடாது. ஐந்தாறு ஜோடிகளாவது தேவை. வேலிக்குள்ளும் கன்று உயரவில்லையென்றால் குற்றவாளி நிழலோ பெரணியோ விதைக்குறையோ. வேலித்திட்டு காட்டுவது மானே இல்லாத நிலையை. மான் குறைந்தால் என்ன ஆகும் என்பதை அது நேரடியாகச் சொல்லாது.

## காக்கும் வழிகளும் அவை சறுக்கும் இடங்களும்

வேலி உயரம் மான் இனத்தைப் பொறுத்தது. சிறிய இனத்துக்கு 1.5 மீட்டர், செம்மான் அளவுக்கு 1.8 முதல் 2 மீட்டர், நன்றாகத் தாவும் வெண்வால் மானுக்கு 2.4 மீட்டர். பலரும் உயரத்தில் கவனம் வைத்து அடியைக் கோட்டை விடுவார்கள். மான் தாண்டுவதைவிட நுழைவதையே விரும்பும். வலையின் அடிப்பகுதியைத் தரையோடு முளையடித்துப் பிணைக்க வேண்டும். ஓடைக்குழி, பள்ளம் வரும் இடத்தில் தனியாக அடைக்க வேண்டும். ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் சுற்றி நடந்து பார்க்க வேண்டும். விழுந்த கிளை திறந்த இடைவெளியில் ஒரே ஒரு மான் உள்ளே புகுந்து வெளியேறத் தெரியாமல் நின்றால், ஐந்தாண்டு வளர்ச்சி ஒரு பருவத்தில் போய்விடும்.

தனிக்கன்றுக்கு வலைக்கூண்டு போடுபவர்கள் செலவை மிச்சம் பிடிக்க ஒரு மீட்டரில் நிறுத்திவிடுகிறார்கள். கன்று கூண்டைவிட்டுத் தலை நீட்டும் உயரம் மானின் வாய்க்கு நேராக அமைகிறது. உச்சி கடிபட்டு, கூண்டுக்குள் புதராக முடங்கிவிடும். மானின் எட்டும் உயரத்துக்குக் குறையாமல் கூண்டு இருக்க வேண்டும். தண்டு தடிக்கும்போது வலை அறுக்காமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

செலவில்லாத காவலும் உண்டு. முட்புதருக்குள் முளைத்த கன்று பெரும்பாலும் தப்பும். ஐரோப்பிய மேய்ச்சல் காடுகளில் ஓக் மரம் முட்புதர்களின் மடியில்தான் வளர்ந்து வந்திருக்கிறது. ஆகவே காட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று உள்ளூர் முட்புதரை வெட்டி எறிவது கன்றுகளின் வேலியைப் பிடுங்குவதற்குச் சமம். விழுந்த மரத்தின் கிளைக் குவியலையும் அப்படியே விட்டுவைக்கலாம். மானுக்குத் தீனி வைத்தால் காட்டை விட்டுவிடும் என்பது நேர்மாறான பலன் தரும் யோசனை. தீனி வைக்கும் இடத்தில் மான் குவியும், சுற்றியுள்ள கன்றுகள் முன்பைவிட அதிகம் கடிபடும்.

வேலியை எப்போது எடுப்பது? உச்சி இரண்டு மீட்டரைத் தாண்டியதும் எடுத்துவிடத் தோன்றும். அப்போது தண்டு இன்னும் விரல் பருமனில்தான் இருக்கும். ஆண்மான்கள் கொம்பு தேய்ப்பதற்கு அத்தகைய வளையும் தண்டுகளையே தேடும், பட்டை சுற்றிலும் உரிந்தால் கன்று பட்டுவிடும். தண்டு கைக்குள் அடங்காத பருமன் வரும்வரை பொறுக்க வேண்டும். எடுக்கும்போதும் ஒரேயடியாக எடுக்காமல் ஒரு பகுதியைத் திறந்து, அடுத்த தீனிக்குறைவான பருவம் கடந்ததும் உச்சிக்கொழுந்துகளை எண்ணிவிட்டு மற்றதைத் திறப்பது நல்லது. கால்பங்கு வேலியை மட்டும் நிரந்தரமாக விட்டுவைத்தால், பின்னர் மான் எண்ணிக்கை மாறும்போது ஒப்பிட்டுப் பார்க்க அளவுகோல் கையில் இருக்கும்.